கறிவேப்பிலை மரத்தடியில் ஒரு பந்தி

என் செல்ல அப்பாவுக்கு,

கடிதத்தில் 'நீங்கள்' என்றுதான் எழுத வேண்டும். இரண்டு வரி அப்படி எழுதிப் பார்த்தேன். யாரோ ஒரு மேனேஜருக்கு லீவ் லெட்டர் எழுதுவது போல இருந்தது. அதனால் வீட்டில் பேசிய மாதிரி 'நீ' என்றே எழுதுகிறேன். நாலு பேர் பார்த்தாலும் பார்க்கட்டும், கோபித்துக்கொள்ளாதே.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவுக்கு மைன்ஸ் கேன்டீனில் இந்த வாரம் காலை ஷிஃப்ட். நான் பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டேன். கண்ணாடியின் பவர் கூடியிருக்கிறது. உன் சைக்கிளை நான்தான் ஓட்டுகிறேன். பக்கத்து குவார்ட்டர்ஸ் செல்வம் மாமா சீட்டை இறக்கிக் கொடுத்தார். உன் கறிவேப்பிலை மரம் உயிரோடு இருக்கிறது.

இந்தக் கடைசிச் செய்தியை ஒரே வரியில் எழுதிவிட்டேன். ஆனால் அந்த மரத்தை நானே கிட்டத்தட்டக் கொன்றுவிட்டேன் அப்பா. அதை உன்னிடம் ஒப்புக்கொள்ளத்தான் இந்தக் கடிதமே.

நம் வீட்டில் அம்மா பர்மனென்ட், நீ கான்ட்ராக்ட். குவார்ட்டர்ஸ் அம்மா பெயரில். "எனக்கு மைன்ஸ்லயும் ரெனிவல் பண்ணணும், உங்கம்மாகிட்டயும் ரெனிவல் பண்ணணும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாய். மைன்ஸில் நிலக்கரி ஓடும் பெல்ட்டுக்கு அடியில் சிதறிய கரியை அள்ளிப்போடும் வேலை முடித்து வந்ததும், வீட்டுக்குள் நுழையமாட்டாய். நேராகக் கறிவேப்பிலை மரத்தடிக்குப் போய் இரண்டு ஷூவையும் கழற்றி, ஒன்றோடு ஒன்று பட்பட்டென்று தட்டுவாய். பழுப்பும் கறுப்புமாகத் தூசு கொட்டும். "எருவு போட்டாச்சி" என்று சொல்லிவிட்டுத்தான் கை கழுவுவாய்.

நான் விடுவேனா? "அப்பா, அது எரு இல்ல. அது மக்காது. மரம் அத சாப்பிட முடியாது."

"கருப்பாத்தான இருக்கு? எருவும் கருப்பாத்தான இருக்கு?"

"கருப்பா இருந்தா போதுமா?"

"டீச்சர், இதுவும் ஒரு காலத்துல எலதான் டீச்சர். நீதான் சொன்ன. தப்புன்னா தப்புன்னு போட்டுக்க. அரை மார்க்காவது குடு."

நான் கொடுக்கவில்லை. பூஜ்யம்தான் போட்டேன்.

போன வருஷம் நைட்ரஜன் சுழற்சி பாடத்துக்கு நீதான் என்னைக் கேள்வி கேட்டாய், நினைவிருக்கிறதா? படத்தில் இருந்த அம்புக்குறிகளை உன் தடித்த விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனாய். காற்றிலிருந்து மண்ணுக்கு ஒரு அம்பு. மண்ணிலிருந்து வேருக்கு ஒரு அம்பு. இலையிலிருந்து மாட்டுக்கு ஒன்று. செத்த இலையிலிருந்தும் செத்த மாட்டிலிருந்தும் கீழே, மண்ணுக்குள், 'சிதைப்பவை' என்று எழுதிய ஒரு கட்டத்துக்கு ஒன்று. பூஞ்சை, பாக்டீரியா எல்லாம் அந்தக் கட்டத்தில் இருந்தன. அங்கே ஒரு கூட்டம் இலையின் புரதத்தை உடைத்து அம்மோனியா ஆக்குகிறது, அடுத்த கூட்டம் அதை நைட்ரைட் ஆக்குகிறது, அதற்கடுத்த கூட்டம் நைட்ரேட் ஆக்குகிறது, அதைத்தான் வேர் திரும்ப உறிஞ்சுகிறது என்று நான் ஒப்பித்தேன்.

"அட, நம்ம மைன்ஸ் மாதிரி மூணு ஷிஃப்ட்டு" என்றாய். பிறகு படத்திலிருந்து விரலை எடுக்காமலே ஒரு கேள்வி கேட்டாய். "எல செத்துடுச்சி, சரி. அதுக்குள்ள இருந்த நைட்ரஜனுக்கு வயசு என்னா டீச்சர்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "பரீட்சையில இதெல்லாம் கேக்க மாட்டாங்க" என்று புத்தகத்தை மூடிவிட்டேன். அந்த ஆவணியில் ஒரு காலை, இரண்டாம் ஷிஃப்டுக்குக் கிளம்ப இருந்தவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். அவ்வளவுதான். உன் சொந்த ஊர் வடக்குத்தில், உன் ஆட்கள் எல்லாரையும் புதைத்த இடத்திலேயே உன்னையும் புதைத்துவிட்டு வந்தார்கள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டைத் தாங்கியது எது தெரியுமா? சிரிக்காதே. உன் கறிவேப்பிலைதான்.

நம் பிளாக்கில் பாதி வீட்டு ரசம் அந்த மரத்தால்தான் மணக்கிறது. நீ இருக்கும்போது எதிர் குவார்ட்டர்ஸ் நூர்ஜகான் ஆன்ட்டி கேட்டைத் திறந்துகொண்டே, "தம்பி, ரெண்டு கொத்து ஒடிச்சிக்கிறேன்" என்று குரல் கொடுப்பார். நீ போய்ப் பதினாறு நாள் யாரும் மரத்தைத் தொடவில்லை. பதினேழாவது நாள் ஆன்ட்டி வந்தார். கேட்டைத் திறந்த கை, பழக்கம் விடாத வாய். "தம்பி, ரெண்டு கொத்து…" என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

உள்ளேயிருந்து அம்மா சொன்னாள்: "ஒடிச்சிக்கோங்கக்கா. அவரு ஒண்ணும் சொல்லமாட்டாரு."

இரண்டு பேரும் மரத்தடியில் நின்று அழுதார்கள். அப்புறம் எதையோ சொல்லிச் சிரித்தார்கள். அன்றிலிருந்து கொத்து ஒடிக்க வருகிறவர்கள் ஐந்து நிமிஷமாவது நின்று பேசிவிட்டுத்தான் போனார்கள். அம்மா ஷிஃப்ட் முடிந்து வந்தால் கேட் சத்தத்துக்குக் காத்திருப்பாள். அவள் வாய் திறந்து பேசுவதே அப்போதுதான். மற்ற நேரம் நாங்கள் இருவரும் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவோம்.

இனிதான் என் கதை. முழு ஆண்டு விடுமுறையில் உன் மரத்துக்கு ஏதாவது பெரிதாகச் செய்ய வேண்டும் என்று தோன்றியது. உன் ஷூ தூசு எரு இல்லை என்று அத்தனை தடவை சொன்னவள் நான். அப்படியென்றால் உண்மையான எருவை நான்தானே போட்டுக் காட்ட வேண்டும்? செத்த தாவரம் மண்ணில் மக்கினால் எரு. இதுதான் எனக்குத் தெரிந்த கணக்கு. வடலூர் ரோட்டில் ஒரு மரப்பட்டறையில் மரத்தூள் மலை மாதிரி கிடந்தது. கேட்டதும், "எடுத்துக்கினு போ பாப்பா, எங்களுக்கு எடம் ஆவும்" என்றார்கள். உன் சைக்கிளில் இரண்டு மூட்டை கொண்டுவந்தேன். மரத்தைச் சுற்றிக் கொத்தி, மண்ணோடு நன்றாகக் கலந்து, தண்ணீர் விட்டேன். சிதைப்பவை எல்லாம் ஓடி வந்து வேலையை ஆரம்பிக்கட்டும் என்று கைதட்டாத குறைதான்.

அவை வந்தன. அதுதான் வினை.

பள்ளி திறந்து இரண்டு வாரத்தில் அடிக்கொத்து இலைகள் மஞ்சளாயின. ஆனி முடிவதற்குள் மரத்தின் பாதி மஞ்சள். தொட்டால் உதிர்ந்தது. ஒடிக்க வந்தவர்கள் மரத்தைப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும்மா, தேறட்டும்" என்று சும்மா போனார்கள். அப்புறம் வருவதையே நிறுத்திவிட்டார்கள். பாவம் பார்த்துத்தான் நிறுத்தினார்கள். ஆனால் வீடு எப்படி ஆகிவிட்டது தெரியுமா?

ஒரு சாயங்காலம் அம்மா ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தாள். நூர்ஜகான் ஆன்ட்டி மார்க்கெட்டிலிருந்து போய்க்கொண்டிருந்தார். அவர் பைக்கு வெளியே ஒரு கட்டுக் கறிவேப்பிலை எட்டிப் பார்த்தது. எங்கள் வீட்டைத் தாண்டும்போது அதை உள்ளே அமுக்கி மறைத்துக்கொண்டு போனார்.

"கடையில வாங்கிக்கினு போறாங்க" என்றாள் அம்மா. "நம்ம வூட்டுக் கேட்ட யாரும் தொறந்து வந்து ஒரு வாரம் ஆவுது." பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அந்தாளு ஷூவத் தட்டிக்கினே பத்து வருசம் வளத்தாரு. நீ படிச்சிப் படிச்சி ஒரு மாசத்துல கொன்னுட்டியேடி."

அப்பா, எனக்கு இதுவரை யார் திட்டியும் அப்படி உறைத்ததில்லை. ஏனென்றால் அது உண்மை. ஆவணியில் உன் வருஷத் திதி. அதற்குள் மரம் மொட்டையாகிவிட்டால், அந்தக் கேட்டை இனி யார் திறப்பார்கள்?

நூலகத்துக்குப் போனேன். மண்ணைப் பற்றிய புத்தகம் எது இருந்தாலும் எடுத்தேன். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நீ போனதிலிருந்து நான் சிதைப்பவை பற்றிய பக்கங்களைப் படித்ததே இல்லை. 'இறந்த உயிரினங்களின் உடல்கள்' என்று ஆரம்பிக்கும் வரி வந்தாலே பக்கத்தைப் புரட்டிவிடுவேன். வடக்குத்து நினைவுக்கு வரும். பாதிப் பாடத்தைத் தாண்டிவிட்டுப் படித்தவளுக்கு மீதிப் பாதி மட்டும் எப்படி விளங்கும்? அன்றைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு முழுவதையும் படித்தேன். விடை நான் தாண்டிப்போன பக்கத்தில்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து, புளி கரைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன். "அம்மா, கேன்டீன்ல ஆயிரம் பேருக்குச் சோறு வடிச்சிட்ட. குழம்பு ஒரே ஒரு வாளிதான் இருக்கு. என்ன பண்ணுவ?"

"என்னாடி கேள்வி இது? பக்கத்து கேன்டீன்லேர்ந்து தூக்கிக்கினு வருவோம்."

"மண்ணுலயும் அதான் நடந்திருக்கு. மரத்தூள்ல கார்பன் மலை மாதிரி இருக்கு, அது சோறு. நைட்ரஜன் துளிதான், அது குழம்பு. நான் சோத்தக் கொட்டினதும் பூஞ்சையும் பாக்டீரியாவும் லட்சக்கணக்குல பந்திக்கு வந்துடுச்சி. குழம்பு பத்தல. சுத்தியிருக்கிற மண்ணுலேர்ந்து எடுத்துக்குது. அது அப்பா மரத்தோட குழம்பு."

அம்மாவின் கை புளியிலேயே நின்றுவிட்டது. "அப்ப அதுங்க எருவாக்கலியா?"

"ஆக்கும். சாப்பிட்டு, பெருகி, அப்புறம் அதுங்களும் சாகும். அப்ப எல்லாத்தையும் மண்ணுக்குத் திருப்பிக் குடுத்துடும். ஆனா அதுக்கு மாசக்கணக்குல ஆகும். அதுவரைக்கும் மரம் தாங்காது. இப்பவே பாரு, அடி இலையிலேர்ந்து எடுத்துத்தான் கொழுந்துக்கு அனுப்புது. அதான் கிழட்டு இலையெல்லாம் முதல்ல மஞ்சளாவுது."

அம்மா கையை உதறினாள். "இத மொதல்லயே சொல்றதுக்கென்னா? குழம்ப ஊத்துடி!"

அந்த நிமிஷமே முந்தானையைச் செருகிக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனாள். யாரும் வராமல் கிடந்த எங்கள் கேட் அன்றைக்குத் திறந்தது, எங்கள் பக்கத்திலிருந்து. "அக்கா, மீன் கழுவுன தண்ணிய கீழ ஊத்தாதீங்க. எனக்கு வேணும்."

"என்ன விசேஷம்?" என்றார் நூர்ஜகான் ஆன்ட்டி.

"எங்க வூட்டு மண்ணுல விருந்தாளிங்க. குழம்பு பத்தல."

ஆன்ட்டி என்னை எட்டிப் பார்த்தார். "உன் பொண்ணு படிச்சது போதும், கொஞ்ச நாள் லீவு விடு" என்றார். ஆனால் மறுநாள் காலையிலேயே பக்கெட்டோடு வந்துவிட்டார். மீன் தண்ணீர் மாதிரியே நைட்ரஜன் நிறைந்தது என்று நான் சொன்னதும், செல்வம் மாமா வடலூரிலிருந்து கடலைப் புண்ணாக்கு வாங்கிவந்தார். அதை ஊறவைத்து, புளிக்கவைத்து, தண்ணீர் கலந்து ஊற்றினோம். ஐயோ அப்பா, அந்த நாற்றம்! பிளாக்கில் இருக்கும் பூனையெல்லாம் எங்கள் வாசலில் மாநாடு போட்டது. தபால் கொண்டுவந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டுக்கு வெளியிலிருந்தே கடிதத்தை நீட்டினார்.

"அண்ணன் இருந்தப்ப இந்த வீட்டுல ரசம் மணக்கும். இப்ப தெருவே மணக்குது" என்றார் செல்வம் மாமா.

"அவரு இருந்தா உன்ன இந்தப் புண்ணாக்க மிதிச்சிக் கரைக்கச் சொல்லியிருப்பாரு" என்றாள் அம்மா. ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் அப்படிப் பேசியதை அன்றுதான் கேட்டேன்.

கவனித்தாயா? மரத்திலிருந்து எடுத்துப்போக வந்தவர்கள் எல்லாரும் இப்போது மரத்துக்குக் கொண்டுவந்தார்கள். நீ விரலால் தொட்டுக் கேட்ட பாடப் படத்தில் அந்த அம்புக்குறி இல்லை. நான் பென்சிலால் வரைந்து சேர்த்திருக்கிறேன்.

ஆடியில் இரண்டு நாள் நல்ல மழை. மூன்றாம் நாள் காலை மரத்தடி முழுக்கக் காளான். பொத்தான் மாதிரி, குடை மாதிரி, வெள்ளையும் சாம்பலுமாக. "போச்சி, வேரு அழுகிடுச்சி" என்று அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். நான் மட்டும் குதித்தேன். ஒரு குச்சியால் மண்ணை மெல்லக் கிளறிக் காட்டினேன். மரத்தூள் பாதிக்கு மேல் கறுத்து, பொலபொலவென்று ஆகியிருந்தது. அதற்குள் வெள்ளை நூல் நூலாகப் பூஞ்சை. ஒரு மண்புழு வெளிச்சம் பட்டதும் அவசரமாக உள்ளே போனது. மழை பெய்த மண் வாசனைதான் வந்தது. மீன் நாற்றம் போன இடம் தெரியவில்லை.

குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தபோது உன்னை நினைத்தேன். வடக்குத்தை நினைத்தேன். பயம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அங்கேயும் இப்படித்தான் ஒருவர் மாற்றி ஒருவர் ஷிஃப்ட் பார்த்து, உன்னை ஜாக்கிரதையாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். எதற்குக் கொடுப்பார்கள்? பக்கத்தில் முந்திரிதானே நிற்கிறது? நீ முந்திரிப்பழம் தின்றுவிட்டுத் தொண்டை கரகரக்கிறது என்று புலம்புவாயே.

உன் கரியைப் பற்றியும் அப்போதுதான் முழுசாக விளங்கியது. கரியாக மாறிய அந்தக் காலத்து மரங்கள் விழுந்த இடம் சதுப்பு. தண்ணீருக்கு அடியில் காற்று இல்லை. காற்று இல்லாமல் சிதைப்பவை சரியாக வேலை செய்ய முடியவில்லை. பந்தி பாதியிலேயே நின்றுபோயிற்று. சாப்பிடாமல் விட்ட அந்தச் சோறுதான் மண்ணுக்கு அடியில் அமுங்கிக் கரியாகக் கிடக்கிறது. அதை அள்ளித்தான் நீ எனக்கு யூனிஃபார்ம் எடுத்தாய். நடக்காமல் போன ஒரு பந்தியில்தான் நம் ஊர் விளக்கு எரிகிறது. இதை உன்னிடம் சொல்லியிருந்தால் மைன்ஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பாய்.

காளான் வந்து பதினைந்து நாள் இருக்கும். காலையில் அம்மா கத்தினாள். ஓடினேன். மேல்கிளையில் மூன்று கொழுந்து, செம்பும் பச்சையுமாக, நகம் அளவில். அம்மா அதைத் தொடாமல், விரலை மட்டும் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ரெனிவல் ஆயிடுச்சி" என்றாள்.

போன வாரம் உன் வருஷத் திதி. மரம் பழையபடி அடர்த்தி இல்லை. ஆனால் மேலே எல்லாம் பச்சை. படையலுக்கு உனக்குப் பிடித்த ரசம். தாளிக்க நம் மரத்துக் கொத்து. படைத்த வாழை இலையை நான் குப்பையில் போடவில்லை. மரத்தடியில் புதைத்தேன், குழம்பும் சோறும் ஒட்டியிருந்தபடியே.

மண்ணை மூடி நிமிர்ந்தபோது அம்மா வந்தாள். கையில் உன் ஷூ. கட்டிலுக்கு அடியில் ஒரு வருஷமாக வைத்திருந்தாளாம், எனக்கே தெரியாது. இரண்டையும் மரத்தடியில் பிடித்துப் பட்பட்டென்று தட்டினாள். கொஞ்சம்தான் கொட்டியது, கடைசித் தூசு. என் வாய் தானாகத் திறந்தது.

"தெரியும்டி" என்றாள். "எருவு இல்ல. பேசாம இரு."

கேட் கிரீச்சிட்டது. நூர்ஜகான் ஆன்ட்டி உள்ளே வந்தார். மரத்தைப் பார்த்தார், ஷூவைப் பார்த்தார், மரத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, ரெண்டு கொத்து ஒடிச்சிக்கிறேன்."

இந்தத் தடவை அவர் நாக்கைக் கடித்துக்கொள்ளவில்லை.

நைட்ரஜனுக்கு வயது என்ன என்று கேட்டாயே. இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். ஒருவேளை அதற்கு வயதே ஆகாதோ?

ஒரு சத்தியம் மட்டும் செய்கிறேன். இந்த மரத்தடியில் உதிரும் ஒரு இலையையும் யாரும் கூட்டிக் கொளுத்த விடமாட்டேன். சோறு போட்டால் குழம்பும் ஊற்றுவேன். எந்தப் பக்கத்தையும் இனி தாண்டிப் படிக்கமாட்டேன். பகலில் நம் கேட்டுக்குத் தாழ் கிடையாது.

அப்புறம், அன்றைக்கு உனக்குப் போட்ட பூஜ்யத்தைத் திருத்திவிட்டேன். ஷூ தூசுக்கு அரை மார்க்.

உன் மகளும் டீச்சருமான
கயல்விழி